பழைய கார் சக்கரங்களை வீட்டில் சுத்தம் செய்தலும் மறுபூச்சிடலும்: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

சென்னைப் புதுப்பேட்டையிலோ உள்ளூர்ப் பழைய உதிரிபாகக் கடையிலோ ஒரு செட் அலாய் வீல் வாங்கி வந்தவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, என்ன நிறம் அடிக்கலாம் என்பதைத்தான். நிறம் கடைசி வேலை. டயரின் ஓரம் அமரும் பரப்பு, ஹப்பில் (காரில் சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி) பொருந்தும் பின்முகம், நட்டு அமரும் துளைவாய் ஆகிய மூன்றும் வெளியே தெரியாதவை. ஆனால் சக்கரம் காற்றைப் பிடித்து வைப்பதும், ஆட்டமின்றி ஓடுவதும், கழலாமல் நிற்பதும் இவற்றைப் பொறுத்தவையே. உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சக்கரங்களைச் சரிசெய்து கொடுத்துவரும் அனுபவத்தில், திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளை அறிகுறி வாரியாகக் கீழே தந்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில் வரும். பட்டறைக்கோ டயர் கடைக்கோ போக வேண்டிய கட்டம் கடைசியில் வரும்.

எதற்கும் முன்: இது எந்த வகைச் சக்கரம்?

வகை தெரியாமல் மருந்து ஊற்றக் கூடாது. காந்தம் நன்றாக ஒட்டினால் அது இரும்பு ரிம். ஒட்டாவிட்டால் அலாய். அலாயின் முகத்தில் வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சும்போது நெருக்கமான மெல்லிய வட்டக் கோடுகள் தெரிந்தால், அது லேத்தில் கடைந்து மேலே கிளியர் (நிறமற்ற காப்புப் பூச்சு) பூசிய டைமண்ட் கட் வீல். கோடுகள் இல்லாமல் வெள்ளி நிறத்தில் பளபளத்தால், சிறிது மெட்டல் பாலிஷைத் துணியில் தொட்டு மறைவான ஓரிடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் பூச்சில்லாத வெறும் அலுமினியம்; கறுக்காவிட்டால் மேலே கிளியர் இருக்கிறது. முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்து, ஓரங்களில் தகடுபோல் உரிந்து வருமானால் அது குரோம் முலாம். குரோம் முலாம் உரியத் தொடங்கிய சக்கரத்தில் வீட்டில் செய்ய எதுவும் இல்லை. உரிந்த விளிம்பு கையை ஆழமாக வெட்டும். தேய்த்து எடுக்க முயல்வதைவிட முலாம் பூசும் தொழிற்கூடத்தில் கொடுப்பது அல்லது வேறு சக்கரம் வாங்குவதே வழி.

எந்த வகையானாலும் சில பொருள்களைக் கிட்டே கொண்டுவரக் கூடாது. குளியலறை கழுவும் ஆசிட் அலுமினியத்தை அரித்துச் சாம்பல் நிறமாக்கிவிடும். காஸ்டிக் சோடா கலந்த அடுப்பு கிளீனர் அலுமினியத்தைக் கரைக்கும். வாட்டர் வாஷ் கடைகளில் பெயர் ஒட்டாத கேனில் வைத்திருக்கும் வீல் ஆசிட் சிலவற்றில் ஃபுளோரைடு அமிலங்கள் இருக்கும். அவை தோலில் பட்டவுடன் எரியாமல் சில மணி நேரம் கழித்து ஆழத்தில் புண்ணாக்கக் கூடியவை. கேனில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாதவரிடம் சக்கரத்தைக் கொடுக்க வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பி நாரும் கூடாது. அதன் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து, அடுத்த மழைக்குத் துருப்புள்ளிகளாக வெளிவரும்.

அறிகுறி 1: நட்டுகளைக் கழற்றியும் சக்கரம் ஹப்பிலிருந்து வரவில்லை

கடலோர ஊர்களில் வேலை தொடங்கும் முன்பே வரும் தடை இது. அலுமினியச் சக்கரமும் இரும்பு ஹப்பும் உப்பீரத்தில் நெடுநாள் ஒட்டியிருந்தால், நடுத்துளையைச் சுற்றி வெள்ளைப் பொடியும் துருவும் கலந்து பிடித்துக்கொள்ளும்.

முதலில் எல்லா நட்டுகளையும் மீண்டும் கையால் மாட்டி, அரைச் சுற்று மட்டும் தளர்வாக விட்டு, ஜாக்கியை இறக்கி, சமதரையில் காரை ஓரிரு அடி முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்துங்கள். வண்டியின் எடையே பெரும்பாலும் பிடியை விடுவிக்கும். விடாவிட்டால் நடுத்துளை ஓரத்தில் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து ஓர் இரவு ஊறவிட வேண்டும். எண்ணெய் பிரேக் டிஸ்க்கில் படக் கூடாது. பிறகு ஸ்டாண்டு வைத்து, நட்டுகளை ஓரிரு மரையில் விட்டபடியே, டயரின் பக்கச்சுவரை உட்புறத்திலிருந்து வெளிநோக்கி ரப்பர் சுத்தியலால் இடம் மாற்றி மாற்றித் தட்டுங்கள். ஜாக்கியில் மட்டும் நிற்கும் காரை உதைக்கவோ, அதன் அடியில் தலையை நீட்டவோ கூடாது. இரும்புச் சுத்தியலால் அலாயை நேரடியாக அடித்தால் விரிசல் விடலாம். இவ்வளவுக்கும் அசையாவிட்டால் மெக்கானிக்கை அழைக்க வேண்டியதுதான்.

அறிகுறி 2: கழுவிய பிறகும் போகாத பழுப்பும் கருமையும்

சூடான சக்கரத்தில் தண்ணீரோ கிளீனரோ படக் கூடாது. ஓட்டி வந்த வண்டி கையால் தொடும் சூட்டுக்கு ஆறட்டும். பிரேக் தூளைக் காற்றால் ஊதாமல், நனைத்த பிறகே துடைக்க வேண்டும். அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாதது.

முதல் படி கார் ஷாம்பூவும் மென்மையான பிரஷ்ஷும்தான். முன்பக்கத்தைவிட உட்புற உருளைக்கே (டயர் சுற்றி ஏறும் பகுதியின் உள்பக்கம்) அதிக நேரம் கொடுங்கள். சோப்புக்குப் போகாமல் நிற்பதைப் பார்வையாலும் விரலாலும் பிரித்தறியலாம்.

பழுப்புப் புள்ளிகள் சொரசொரவென்று இருந்தால்: பிரேக்கிலிருந்து சூடாகத் தெறித்த இரும்புத் துகள் பூச்சில் பதிந்திருக்கிறது. தயோகிளைகோலேட் வகை இரும்பு நீக்கியைத் தெளித்தால் மூன்று நான்கு நிமிடத்தில் ஊதா நிறத்தில் வழியும். காய்வதற்குள் நன்றாகக் கழுவ வேண்டும். நாற்றம் கடுமையாக இருக்கும்; திறந்த வெளியிலும் நிழலிலும் கையுறையோடும் செய்யுங்கள். ஊதா நிறம் வருவது நிற்கும்வரை இரண்டு மூன்று முறை செய்யலாம். வேறெந்தக் கிளீனரோடும் இதைக் கலக்கக் கூடாது.

கறுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தால்: தார் அல்லது பழைய ஒட்டு வெயிட்டின் (சக்கரம் ஆட்டமின்றிச் சுழல பேலன்ஸிங்கில் ஒட்டும் சிறு எடை) பசை. துணியில் மண்ணெண்ணெய் தொட்டு ஒற்றி ஊறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளினால் வந்துவிடும். டயர் ரப்பரில் மண்ணெண்ணெய் வழியாமல் பார்த்துக்கொண்டு, உடனே சோப்பால் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் வெயிட்டை எடுத்துவிட்டால் பேலன்ஸிங் மறுபடி செய்தாக வேண்டும் என்பதை அப்போதே குறித்து வைப்பது நல்லது.

இரண்டுக்கும் போகாமல், தொட்டால் வழவழப்பாக இருந்து உள்ளே கறை தெரிந்தால்: கிளியர் பூச்சே வெந்து நிறம் மாறியிருக்கிறது. எந்தக் கிளீனரும் இதற்கு உதவாது. மறுபூச்சுதான் வழி, அதை அறிகுறி 5-இல் காண்க.

அறிகுறி 3: வெள்ளைத் திட்டுகள்

இரண்டு வேறு கோளாறுகள் ஒரே நிறத்தில் வருவதால் இங்கேதான் வீண்செலவு அதிகம் நடக்கிறது. நகத்தால் சுரண்டிப் பாருங்கள். திட்டு மேற்பரப்பில் இருந்து, சிறிது பொடியாக வந்தால் அது போர் தண்ணீர் காய்ந்து விட்ட உப்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்துத் துணியால் ஒற்றி, இரண்டு நிமிடத்தில் கழுவித் துடைத்தால் போய்விடும். பூச்சில்லாத வெறும் அலுமினியத்தில் இதைச் செய்யக் கூடாது. கழுவியபின் வெயிலில் காயவிடாமல் துணியால் துடைத்தால் மீண்டும் வராது.

நகத்துக்கு வழவழப்பாகவும், பூச்சுக்கு அடியில் வெண்மையாகவும் தெரிந்தால் அது அலுமினிய அரிப்பு. அடுத்த தலைப்புக்குச் செல்லுங்கள்.

அறிகுறி 4: கிளியருக்கு அடியில் புழு ஊர்ந்தது போன்ற வெண்கோடுகள்

இது எங்காவது ஒரு கல்லடியிலோ, நட்டுத் துளையின் ஓரத்திலோ, டைமண்ட் கட் முகம் பெயிண்ட் பகுதியைச் சந்திக்கும் கூர்விளிம்பிலோ தொடங்கி, கிளியருக்கு அடியிலேயே நகரும். கடற்கரைச் சாலையில் நிதம் ஓடும் வண்டிகளில் விரைவாகப் பரவுகிறது. மேலே பாலிஷ் போடுவதாலோ இன்னொரு கை கிளியர் அடிப்பதாலோ நிற்காது. அரிப்பு இருக்கும் இடம் வரைக்கும் பழைய பூச்சை நீக்கினால் மட்டுமே நிற்கும்.

பெயிண்ட் அடித்த அலாயில்: கோடு முடிந்ததாகத் தெரியும் இடத்துக்கு அப்பால் ஒரு விரல் அகலம் வரை 180 எண் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். வெண்மை முழுதும் போய்ச் சுத்தமான உலோகம் தெரிந்தபின் அறிகுறி 5-இன் வரிசையைப் பின்பற்றுங்கள்.

டைமண்ட் கட் வீலில்: வாட்டர் பேப்பரைத் தொட வேண்டாம். லேத் கோடுகளைக் கையால் மறுபடி உண்டாக்க முடியாது. இரண்டு வழிகள் இருக்கின்றன. லேத்தில் மறுபடி கடையும் வசதியுள்ள பட்டறையில் கொடுக்கலாம். ஒவ்வொரு கடைசலிலும் உலோகம் குறைவதால் ஒரு சக்கரம் இரண்டு மூன்று முறைக்கு மேல் தாங்காது. முன்பே கடைந்ததா என்பது பழைய சக்கரத்தில் தெரியாது. ஆகவே செலவு செய்யும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற வழி, டைமண்ட் கட் தோற்றத்தையே கைவிட்டு முழுச் சக்கரத்தையும் ஒரே நிறமாக்குவது. கடலோரத்தில் வசிப்பவர்களுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். மெல்லிய கிளியர் மட்டும் மூடிய உலோக முகத்தைவிட, பிரைமரும் நிறமும் கிளியருமாக மூன்று அடுக்கு மூடிய முகம் உப்புக்காற்றை நெடுநாள் தாங்குகிறது.

அறிகுறி 5: விளிம்பில் உரசல் காயம்

நடைபாதைக் கல்லிலோ சாலைத் தடுப்பிலோ உரசி விளிம்பில் வரும் காயம் பெரும்பாலும் தோற்றக் குறை மட்டுமே. ஆனால் அதே அடி சக்கரத்தை வளைத்தோ விரிசல் விடச் செய்தோ இருக்கலாம். அறிகுறி 7, 8, 9 ஆகியவற்றின் சோதனைகளை முடிக்காமல் இந்த வேலையைத் தொடங்கினால், உடைந்த சக்கரத்துக்கு அழகு செய்வதாகிவிடும்.

காயத்தின் ஆழத்தைப் பாருங்கள். விளிம்பின் வெளிப்புறத்தில் மட்டும் இருந்து, ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ.க்குள் அடங்கினால் வீட்டில் செய்யலாம் என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் எல்லை. ஆரத்தில் வெட்டுக் காயம் இருந்தாலோ, விளிம்பில் துண்டு பெயர்ந்திருந்தாலோ பட்டியால் நிரப்பி மறைக்கக் கூடாது. பட்டி வலிமை தருவதில்லை. அது பட்டறைக்கு அல்லது பழைய உலோகக் கடைக்குப் போக வேண்டிய சக்கரம்.

டயரை இறக்கிவிட்டுச் செய்வதே சரியான முறை. டயர் கடையில் இறக்கவும் மறுபடி ஏற்றவும் ஆகும் செலவைக் கணக்கில் வைத்துத் தொடங்குங்கள். டயரை இறக்க முடியாதவர்கள் காற்றைப் பாதி இறக்கி, விளிம்புக்கும் டயருக்கும் இடையில் தடித்த அட்டைத் துண்டுகளைச் சுற்றிலும் செருகி மறைக்கலாம்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் கழுவுதல், பிறகு டீகிரீசரால் எண்ணெய்ப் பசை நீக்குதல், அதன் பிறகே தேய்த்தல். எண்ணெய் இருக்கும்போது தேய்த்தால் அது கீறல்களுக்குள் புகுந்து, பின்னால் பெயிண்டில் குழியாக வெளிவரும். துருத்தி நிற்கும் பிசிறை நுண் அரத்தால் சமப்படுத்தி, 120, 180, 240, 320 என்ற வரிசையில் வாட்டர் பேப்பரைத் தண்ணீரோடு பயன்படுத்துங்கள். அலுமினியத் தூள் உலர்ந்து பறந்தால் மூச்சுக்கும் கேடு, தீப்பிடிக்கவும் கூடியது. இரும்பு அரைத்த கிரைண்டரின் தீப்பொறி அருகில் அலுமினியத் தூளைச் சேரவிடவே கூடாது. காயத்தைச் சுற்றியுள்ள நல்ல பெயிண்டைப் படிப்படியாகச் சரிவாக்குங்கள். விரலால் தடவும்போது படி தட்டக் கூடாது.

நிரப்ப வேண்டியிருந்தால், தேய்த்த வெறும் உலோகத்தின் மேல் இரண்டு பகுதிப் பட்டியை மெல்லிய அடுக்காக இட்டு, காய்ந்ததும் 240, 320 எண்களால் சமப்படுத்துங்கள். எட்ச் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் அடிப்பூச்சு) அடித்து அதன்மேல் பட்டி இடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அப்படிச் செய்தால் பட்டி பின்னால் பெயர்ந்து வரக்கூடும். பட்டி முடிந்தபின் வெளியே தெரியும் அலுமினியத்துக்கு அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும். ஓர் இரவு விட்டுவிட்டால், அடிக்கும் முன் மறுபடி லேசாகத் தேய்த்துத் துடைத்துக்கொள்ளுங்கள்.

மறைக்கும் கட்டத்தில் தொடக்கத்தில் சொன்ன மூன்று பரப்புகளுக்கு வருகிறோம். டயர் ஓரம் அமரும் பரப்பு, ஹப் பின்முகம், நட்டு அமரும் துளைவாய் ஆகிய மூன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். நட்டுத் துளையில் தடித்துப் படியும் பெயிண்ட், இறுக்கிய பின் நசுங்கி, சில நாளில் நட்டைத் தளர்த்திவிடும். வால்வுத் துளையின் உட்புறத்தையும் மூடுங்கள்.

ஸ்ப்ரே கேனை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 20 முதல் 25 செ.மீ. தூரத்தில் பிடித்து, சக்கரத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி கையை ஓட்டுங்கள். முதல் கை உலோகம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருக்கட்டும். கைகளுக்கு இடையில் ஏறத்தாழ 10 நிமிடம் விட்டு, பிரைமர் இரண்டு கை, அது காய்ந்ததும் 600 எண் பேப்பரால் லேசான தேய்ப்பு, நிறம் மூன்று கை, கிளியர் இரண்டு கை. ஆரங்களின் பக்கவாட்டை முதலில் அடித்து முகத்தைக் கடைசியில் அடித்தால் பெயிண்ட் வழியாது. டயர் ஏற்றும் முன் குறைந்தது இரண்டு நாள், முடிந்தால் ஒரு வாரம் காயட்டும்; அவசரத்தில் ஏற்றினால் டயர் கடை இயந்திரத்தின் பிடி புதுப் பூச்சில் பதிந்துவிடும்.

ஹார்டனர் கலந்த 2கே கிளியர் கல்லடியையும் பெட்ரோலையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் ஒருமுறை நுரையீரலை ஒவ்வாமைக்கு உள்ளாக்கிவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலும் ஆஸ்துமா வரும். துணி முகக்கவசம் இதைத் தடுக்காது. வீட்டு மாடியில், குழந்தைகள் நடமாடும் இடத்தில் இதை அடிக்க வேண்டாம். கிளியர் வேலையை மட்டும் பெயிண்டிங் பட்டறையில் கொடுங்கள்.

பவுடர் கோட்டிங் செய்ய நினைத்தால் அது முழுக்க வெளிவேலை. பவுடர் சுமார் 180 முதல் 200 டிகிரி வெப்பத்தில் உருகிப் பிடிக்கிறது. வார்ப்பு அலாய்களில் பரவலாகப் பயன்படும் ஏ356 கூட்டுலோகம் தன் வலிமையைப் பெறும் இறுதிப் பதப்படுத்தலே ஏறத்தாழ 150 முதல் 170 டிகிரியில் நடப்பது. ஆகவே எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று கேட்டு, வெப்பத்தை அளந்து சொல்பவரிடம் மட்டும் கொடுங்கள். ஒரே சக்கரத்தைத் திரும்பத் திரும்பச் சுட வைக்காதீர்கள்.

அறிகுறி 6: அடித்த பெயிண்ட் கெட்டுப்போகிறது

சிறு சிறு வட்டக் குழிகள்: கீழே சிலிக்கோன் இருக்கிறது. டயர் பாலிஷே பெரும்பாலும் காரணம். மேலே எத்தனை கை அடித்தாலும் குழி மூடாது. காயவிட்டு, தேய்த்து, டீகிரீசரால் இரண்டு முறை துடைத்து, ஒவ்வொரு முறையும் துணியை மாற்றி, மீண்டும் அடியுங்கள்.

கிளியர் பால்போல் வெளுத்தால்: காற்றில் ஈரம் அதிகம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலோர மாவட்டங்களில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்பது வழக்கம்; விரைவாக ஆவியாகும் தின்னர் பரப்பைக் குளிரவைத்து ஈரத்தைப் பிடித்துவிடுகிறது. வெளுப்பு லேசாக இருந்தால் வெயில் வந்த நாளில் தானே தெளியக்கூடும். தெளியாவிட்டால் லேசாகத் தேய்த்து, வறண்ட நாளில் முற்பகல் பத்து மணிக்கு மேல் மறுபடி அடியுங்கள். ஸ்ப்ரே கன் வைத்து அடிப்பவர்கள் மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னர் சேர்க்கலாம். மழை பெய்யும் நாளில் எதைச் சேர்த்தும் பயனில்லை.

சுருக்கம் விழுந்தால்: கீழ்க்கை பாதி காய்ந்த நிலையில் மேல்கை விழுந்திருக்கிறது, அல்லது பழைய பெயிண்டும் புதிய தின்னரும் ஒத்துப்போகவில்லை. கேனில் அச்சிட்ட மறுபூச்சு நேரத்தைப் படியுங்கள். சில பெயிண்டுகளுக்கு ஒரு மணிக்குள் அடிக்க வேண்டும், தவறினால் ஒரு நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். சுருங்கிய இடத்தை முழுதும் நீக்கியே மறுபடி தொடங்க முடியும்.

சில வாரத்தில் தகடாக உரிந்தால்: கீழே வழவழப்பாக விட்டுவிட்ட பழைய கிளியர் அல்லது பிரைமர் இல்லாத வெறும் அலுமினியம். ஓரத்தை மட்டும் ஒட்டுப்போடுவது வீண். அந்தச் சக்கரத்தை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

அறிகுறி 7: வாரத்துக்கு ஒருமுறை காற்று அடிக்க வேண்டியிருக்கிறது

பஞ்சர் கடையில் ஆணி இல்லை என்று சொல்லிவிட்ட பிறகும் காற்று இறங்கினால் சந்தேகம் சக்கரத்தின் மேல் விழ வேண்டும். கார் கையேட்டில் சொன்ன அளவுக்குக் காற்றடித்து, சோப்பு நீரை ஸ்ப்ரே பாட்டிலில் நிரப்பி, பின்வரும் வரிசையில் தெளித்துப் பொறுமையாகப் பாருங்கள்.

வால்வு வாயில் குமிழி: உள்ளே இருக்கும் வால்வு ஊசியை இறுக்குங்கள், நிற்காவிட்டால் மாற்றுங்கள். மிகக் குறைந்த செலவு.

வால்வின் அடிக்கழுத்தில் குமிழி: ரப்பர் வெடித்திருக்கிறது. டயரை இறக்கி வால்வை மாற்ற வேண்டும். பழைய சக்கரம் வாங்கினால் வால்வுகளைக் கேள்வியின்றி மாற்றிவிடுவது என் வழக்கம். உள்ளே காற்றழுத்த சென்சார் இருக்கிறதா என்று முதலில் டயர் கடைக்காரரிடம் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். கவனியாமல் டயரை நெம்பினால் அது உடையும்.

டயரும் ரிம்மும் சந்திக்கும் வளையத்தில் நுண்ணிய நுரை: பழைய அலாய்களில் மிகுதியும் இதுதான். டயர் அமரும் பரப்பில் அரிப்பு பூச்சைத் தூக்கிவிட்டிருக்கிறது. சக்கரத்தின் உட்பக்க வளையத்தையும் மறவாமல் பாருங்கள். பலர் வெளிப்பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். டயர் கடையில் இறக்கச் சொல்லி, அந்தப் பரப்பை ஸ்காட்ச் பிரைட்டாலும் 240 எண் பேப்பராலும் சுற்றுவாட்டில் தேய்த்து, தூக்கிய பூச்சை மட்டும் நீக்கிச் சமமாக்குங்கள். குறுக்காகத் தேய்த்தால் அந்தக் கீறல்களே காற்றுக்கு வழியாகும். பிறகு பீட் சீலர் (டயர் ஓரத்தில் காற்றுக் கசிவை அடைக்கும் பசை) பூசி டயரை ஏற்றச் சொல்லுங்கள். தடித்த பெயிண்டால் இந்தப் பரப்பை நிரப்பக் கூடாது. டயரை அமரவைக்கக் காற்றழுத்தம் 40 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது. அதற்குள் அமரவில்லை என்றால் காற்றை இறக்கிச் சோப்பு நீர் தடவி மறுபடி முயல வேண்டும். குழிகள் ஆழமாகி விரல் நுனிக்கே பள்ளம் தட்டினால் சீலர் நிற்காது, சக்கரத்தை மாற்றுங்கள்.

ரிம்மின் உலோகத்திலேயே குமிழி: விரிசல் அல்லது வார்ப்பில் நுண்துளை. அறிகுறி 9-க்குச் செல்லுங்கள்.

அறிகுறி 8: 80 கி.மீ. வேகத்துக்கு மேல் நடுக்கம்

பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் சக்கரத்தை விட்டுவிட்டு பிரேக் டிஸ்க்கைக் காட்டுங்கள். வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் முன்சக்கரங்களும், இருக்கை நடுங்கினால் பின்சக்கரங்களும் முதல் சந்தேகத்துக்குரியவை.

உட்புற உருளையில் சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்பது செலவில்லாத முதல் சோதனை. மழைக்காலம் முடிந்து வரும் நடுக்கங்களில் இது சாதாரணம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் நடந்ததுபோல் வெள்ளத்தில் நின்ற வண்டியானால், சேற்றைக் கழுவுவதோடு ஹப் முகத்தின் துருவையும் பாருங்கள்.

அடுத்து, வெயிட் விழுந்த தடயம். உருளையின் அழுக்குக்கு நடுவில் சுத்தமான சிறு செவ்வகம் தெரிந்தால் அங்கிருந்த வெயிட் கழன்றிருக்கிறது. பேலன்ஸிங் செய்தால் சரியாகும்.

மூன்றாவது, ஹப் பின்முகம். துருச்செதில் ஒன்று நடுவில் சிக்கினாலும் சக்கரம் சாய்வாக அமரும். ஹப்பைக் கம்பி பிரஷ்ஷாலும், சக்கரத்தின் பின்முகத்தை ஸ்காட்ச் பிரைட்டாலும் சுத்தம் செய்யுங்கள். நடுத்துளையின் ஓரத்தில் மட்டும், உலோகங்கள் ஒட்டிப் பிடிக்காமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட்டை மெல்லத் தடவலாம். போல்ட் மரையில் தடவினால் இறுக்கும் அளவு மாறிவிடும். வேறு காரிலிருந்து வந்த சக்கரமாக இருந்து நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால், இடைவெளியை நிரப்பும் ஹப் வளையம் தேவை.

நான்காவது, வளைவு. சமதரையில் எதிர்ச் சக்கரங்களுக்கு அடைகொடுத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, பார்க்கும் சக்கரத்துக்கு ஹேண்ட் பிரேக் பிடிக்குமானால் அதையும் விடுவித்து, ரிம் விளிம்புக்கு அருகில் ஒரு குச்சியை அசையாமல் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். குச்சிக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி பக்கவாட்டிலோ மேல்கீழாகவோ 1 மி.மீ.க்கு மேல் மாறினால் வீட்டு வேலை அத்தோடு முடிந்தது. உட்பக்க விளிம்பையும் இதேபோல் பாருங்கள். பள்ளத்தில் விழும்போது பெரும்பாலும் வளைவது அதுதான். இரும்பு ரிம்மைப் பெண்ட் எடுப்பது பட்டறைக்கு எளிது. அலாயை கேஸ் விளக்கால் சுட்டுச் சுத்தியலால் அடிப்பவரிடம் கொடுக்காதீர்கள். ஹைட்ராலிக் இயந்திரத்தில் அளந்து நிமிர்த்துபவரிடம், அதுவும் சிறு வளைவுக்கு மட்டும் கொடுங்கள்.

அறிகுறி 9: மயிரிழைக் கோடு

உருளையின் உட்புறம், ஆரம் தொடங்கும் இடம், நட்டுத் துளைகளுக்கு இடைப்பட்ட பகுதி ஆகிய மூன்றையும் கழுவியபின் டார்ச் ஒளியில் பாருங்கள். கோடு தெரிந்தால் கீறலா விரிசலா என்று அறிய, அந்த இடத்தின் பெயிண்டை நீக்கி, கடைகளில் மூன்று கேன்களாகக் கிடைக்கும் டை பெனிட்ரன்ட்டைப் பயன்படுத்தலாம். சிவப்புச் சாயத்தைத் தெளித்து, கேனில் சொன்ன நேரம் ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, வெள்ளை டெவலப்பரை அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக வெளியே வரும்.

சிவப்புக் கோடு வந்த சக்கரத்தை வெல்டிங் செய்து ஓட்டக் கூடாது. வெல்டிங் சூடு சுற்றியுள்ள உலோகத்தின் பதத்தை இழக்கச் செய்கிறது. பக்கத்திலேயே புது விரிசல் வரும். அந்தச் சக்கரத்தை எந்த நிறத்திலும் விற்கவும் கூடாது. வாங்குபவரின் குடும்பம் அதில் பயணம் செய்யும். விளிம்பை அறுத்து, மறுபடி யாரும் பயன்படுத்த முடியாதபடி பழைய உலோகத்துக்குப் போடுங்கள்.

அறிகுறி 10: இரும்பு ரிம்மில் துரு

பிளாஸ்டிக் வீல் கேப்பைக் கழற்றினால் தெரியும் மேல்துரு எளிய வேலை. கம்பி பிரஷ்ஷால் செதிலை நீக்கி, பாஸ்பாரிக் அமில வகைத் துரு மாற்றியைப் பூசிக் காயவிட்டு, ஜிங்க் பாஸ்பேட் பிரைமரும் வீல் சில்வரும் அடித்தால் போதும். நட்டுத் துளை ஓரத்திலோ, நடுத்தட்டும் வளையமும் சேரும் வெல்டிங்கிலோ துரு தகட்டைத் தின்று மெலிந்திருந்தால், ஸ்குரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உலோகம் உதிர்ந்தால் மாற்றுவது மட்டுமே வழி. இரும்பு ரிம் விலை குறைவு.

அறிகுறி 11: மறுபடி மாட்டிய பிறகு நட்டு தளர்கிறது

நட்டின் அமரும் முகம் கூம்பா, உருண்டையா, வாஷர் வைத்த தட்டையா என்பது சக்கரத்தின் துளையோடு ஒத்துப்போக வேண்டும். வேறு காரின் சக்கரத்துக்குப் பழைய நட்டையே போட்டிருந்தால் முதல் சந்தேகம் இங்கேதான். இரண்டாவது, துளைவாயிலோ பின்முகத்திலோ ஒட்டியிருக்கும் புதுப் பெயிண்ட், அதை நீக்குங்கள். மூன்றாவது, இறுக்கிய முறை. சக்கரம் தூக்கிய நிலையில் நட்டுகளைக் கையால் முழுதும் ஏற்றி, எதிரெதிராக மாற்றி மாற்றி லேசாக இறுக்கி, தரையில் இறக்கியபின் டார்க் ரெஞ்சால் முடிக்க வேண்டும். சிறிய, நடுத்தரக் கார்களுக்கு இந்த அளவு பொதுவாக 80 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் காருக்கு உரிய எண் கையேட்டில் இருக்கிறது. கம்ப்ரஸர் கன்னால் அடித்து இறுக்க விடாதீர்கள்.

50 முதல் 100 கி.மீ. ஓடியபின் சக்கரம் ஆறிய நிலையில் அதே அளவுக்கு மறுபடி சோதியுங்கள். முதல் சோதனையில் ஒரு நட்டு சிறிது திரும்பினால் இறுக்கிவிட்டு, இன்னொரு 50 கி.மீ.யில் மீண்டும் பாருங்கள். அப்போதும் திரும்பினால், அல்லது போல்ட் மரை நீண்டு சொரசொரப்பாகத் தெரிந்தால், வண்டியை அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கை வரவழைத்து போல்ட்டையும் நட்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.